அம்மா எந்திரங்கள் சார்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு அது போதும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மாத்திரையைப் போடாமல் டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டு ‘வலி கொறஞ்சிடுச்சுங்க’ என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள். மாடியில் புதிதாக ஒரு நர்ஸ் குடும்பம் குடிவந்திருக்கிறது, நல்ல மாதிரி. குளியலறைக் குழாயை இரண்டு தடவை சரிசெய்தும் மறுபடி சொட்டுகிறது என்று உன் அம்மா நச்சரிக்கிறாள், எனக்கு அந்தச் சத்தம் தெரிவதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. வேலைநாளில் பத்தரை மணிக்கு அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்றால் என்னவோ நடந்திருக்கிறது என்று நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். ஆமாம், நடந்துவிட்டது. உன் அம்மா எழுத வேண்டாம் என்கிறாள், ‘அவளுக்கு அங்க ஆயிரம் வேலை, இதையும் ஏன் அவ தலைல தூக்கி வைக்கறீங்க’ என்கிறாள், நியாயம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காது கேட்பதில்லை. ஏதோ கொஞ்சம் மந்தம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், ‘அப்பாவுக்கு வேணும்னா மட்டும் கேக்கும்’ என்று கிண்டல்கூடச் செய்வாய், அது அப்படி இல்லை. மூன்று வருஷமாகக் குறைந்துகொண்டே வந்து இப்போது இடது காது சுத்தமாக இல்லை, வலதில் லாரி ஹாரனும் பள்ளிக்கூட மணியும் விழும், மற்றதெல்லாம் முணுமுணுப்பு. டாக்டர் நரம்பு என்று சொல்லிவிட்டார். காதில் மெஷின் வைத்துப் பார்த்தேன், சத்தம்தான் பெரிதாகிறதே தவிரச் சொல் சொல்லாக விழவில்லை, பாத்திரக் கடைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது, கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். உன் அம்மாவின் பேச்சு உதட்டைப் பார்த்தாலே எனக்குப் புரியும், இத்தனை வருஷத்தில் அவள் அடுத்து என்ன சொல்வாள் என்பது கேட்காமலே தெரியும், அதனால் வீட்டில் வண்டி ஓடியது. வகுப்பில்தான் கஷ்டம். பெரியவர்கள் குரலுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளின் குரல்தான் காதைவிட்டுப் போகிறது, அது மெல்லிசு. ஒரு பிள்ளை எழுந்து பதில் சொன்னால் பக்கத்தில் போய் நின்று அதன் முகத்தையே பார்ப்பேன். உதடு கொஞ்சம் சொல்லும், கண் கொஞ்சம் சொல்லும், மிச்சத்தை ஊகித்துக்கொள்வேன். ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் ‘போர்டுல வந்து எழுது’ என்பேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம், அதுவரை தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். வெளியே சொல்லியிருந்தால் வகுப்பிலிருந்து எடுத்து ஆபீஸ் ரூமில் ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்திருப்பார்கள். அதற்கு எனக்கு மனசில்லை, அவ்வளவுதான், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

போன வருஷம் நீ ஒரு பட்டியல் அனுப்பினாயே, ஆசிரியர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆப்கள் என்று, ‘ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்கப்பா, எல்லாம் சும்மாவே கெடைக்குது’ என்று. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். கேள்வி கேட்டு மார்க் போடுவது, வருகைப்பதிவு எடுப்பது, பிள்ளை சத்தமாக வாசித்தால் தப்பைச் சுட்டிக்காட்டுவது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதில் ஒன்பதாவதோ பத்தாவதோ, பேச்சை எழுத்தாக்கும் ஆப். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த டேப்லெட்டை வைத்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் எதிரில் இருப்பவர் பேசுவது திரையில் வரி வரியாக ஓடும். முதல் நாள் வீட்டில் உன் அம்மாவைப் பேசச் சொல்லிவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ‘உங்களுக்கு வேறு வேலை இல்லையா’ என்று திரையில் வந்தது. அவள் உதட்டைப் பார்க்காமல் அவள் பேச்சு எனக்குக் கிடைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, கண் கலங்கிவிட்டது, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் காரணத்தை மாற்றிச் சொன்னேன், வராத பிள்ளைகளுக்கு அன்றைய பாடம் அப்படியே எழுத்தில் போய்ச் சேரும் என்றேன். தலைமையாசிரியைக்கு அது மிகவும் பிடித்துப்போய்க் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார். ‘ஆப் சார்’ என்று எனக்குப் பெயர் விழுந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து ‘எனக்கும் ரெண்டு சொல்லிக் குடுங்க சார்’ என்று கேட்டு அந்த வாசிப்பு ஆப்பைப் போட்டுக்கொண்டார், எழுத்துக்கூட்டவே திணறிய ஏழு பிள்ளைகளை அதை வைத்துத்தான் தேற்றிக்கொண்டிருந்தார். என்னுடைய ஆப்பில் மட்டும் ஒரு குறை இருந்தது. அதற்குப் புத்தகத் தமிழ் நன்றாகத் தெரியும், நாம் பேசுகிற தமிழ் சரியாகத் தெரியாது. ‘தண்ணி குடிக்கப் போவட்டா’ என்று பிள்ளை கேட்டால் ‘தண்டு குடிக்கப் போர்வை’ என்று எழுதிவைக்கும். அதனால் வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன், என் மேசைக்கு வந்தால் புத்தகத்தில் இருக்கிற மாதிரித்தான் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ‘ஐயா, நான் நீர் அருந்தச் செல்லலாமா’, ‘ஐயா, இவன் என்னைக் கிள்ளிவிட்டான், தாங்கள் விசாரிக்க வேண்டுகிறேன்’ என்று நாடகத்தில் வருகிற மாதிரி குனிந்து நின்று சொல்வார்கள், வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி இந்த வகுப்பில் மொழி எவ்வளவு சுத்தம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன் வாலு. ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. பிள்ளை பேசும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் திரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

என் வகுப்பில் ஒரு பெண், பத்து வயது. அவளுடைய அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர், அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இவள் சட்டையில் எப்போதும் எங்கேயாவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் பிள்ளைகள் நூல்கண்டு என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராக என்னிடம் வந்துதான் பேசுவாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் அறிவியலில் ‘எளிய எந்திரங்கள்’ பாடம் நடந்துகொண்டிருந்தது, நெம்புகோல், கப்பி, திருகு எல்லாம். உங்கள் அம்மாவும் அப்பாவும் வீட்டில் பயன்படுத்துகிற எந்திரங்களைக் கவனித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நூல்கண்டு வந்து ஏதோ சொன்னாள். நான் திரையைப் பார்த்தேன். ‘அம்மா எந்திரங்கள் சார்’ என்று இருந்தது. தையல்காரர் வீட்டுப் பெண், அம்மாவின் எந்திரங்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறாள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. ‘அருமை, போய் உக்காரு, எல்லாத்தையும் நோட்டுல எழுதி சாயங்காலத்துக்குள்ள காட்டு’ என்றேன். அவள் போகாமல் நின்றாள். இன்னொரு தடவை சொன்னாள், இரண்டாவது வரியிலும் அதுவே வந்தது. நான் தலையாட்டி முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் மணி அடிக்கப்போகிற சமயம் நோட்டைக் கொண்டுவந்தாள். தையல் மெஷின் சக்கரம், கத்தரிக்கோல், எண்ணெய்க் குப்பியின் திருகு மூடி, ஊசி, கதவுத் தாழ்ப்பாள் என்று ஐந்து எழுதியிருந்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, அவள் எழுத்து அப்படி இருக்காது. நான் ஐந்துக்கும் டிக் அடித்து ஒரு ஸ்டார் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. பத்து மணிக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார், டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனேன், பள்ளிக்கூடத்துக்குள் அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. அவர் பேசினார், ‘நேற்று காலை அந்தப் பெண் உங்களிடம் அம்மா எந்திரங்கள் சார் என்று சொன்னாளா’ என்று திரையில் ஓடியது. ‘ஆமா மேடம், அஞ்சு எழுதியிருந்தா, ஸ்டார்கூட போட்டேன்’ என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்கமாட்டேன். மறுபடி கேட்டார், மறுபடி அதே வரி வந்தது. நான் டேப்லெட்டைத் திருப்பி அவரிடம் காட்டினேன். படித்ததும் என் காது விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது, ஒரு சர்க்குலரின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தாக எழுதி என் பக்கம் தள்ளினார். ‘அம்மா எந்திரிக்கல சார்.’ பிள்ளை சொன்னது அதுதான் வாலு. அம்மா எழுந்திருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். மிச்சத்தையும் தலைமையாசிரியை ஒவ்வொரு வரியாக எழுதிக் காட்டினார், நான் நின்றுகொண்டே படித்தேன். காலையில் அம்மாவை உலுக்கிப் பார்த்திருக்கிறாள், முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறாள், மூச்சு மட்டும் கரகரவென்று வந்திருக்கிறது, பக்கத்து வீடு பூட்டியிருந்தது, ஓடிவந்து என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதற்றத்தில் எந்தப் பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் வரும்? நான் அருமை என்றேன். ‘சார் அருமைன்னு சொன்னாரு, அதான் ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன்’ என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாளாம். சாயங்காலம் அவள் போய்ப் பார்த்தபோது அம்மா அதே இடத்தில் கிடந்திருக்கிறார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உயிர் இருக்கிறது. வலது கை இல்லை, வலது கால் இல்லை, பேச்சு இல்லை. மகளைத் தெரிகிறதா என்பதும் நிச்சயமில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டு அந்தப் பிள்ளைக்குத்தான் விழுந்தது. தலைமையாசிரியை எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ‘கூட்டத்துல அவ மெதுவா சொல்லியிருக்கா, உங்களுக்குக் கேக்கல, யாருக்கும் நடக்கறதுதான், காது விஷயத்த வெளிய விடாதீங்க’ என்று எழுதிக் காட்டிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். வெளியேயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்க்கப் போனவர்களெல்லாம் ‘கொஞ்சம் சத்தமா சொல்லக்கூடாதாடி’, ‘வேற டீச்சர்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே’ என்று கேட்டிருக்கிறார்கள். அவளும் ‘ஆமா, நான் மெதுவாத்தான் சொன்னேன்’ என்று ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து சொன்னார். நான்கு நாள் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். இந்தக் காதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிட முடியாதா என்று அப்போதும் ஒரு மூலையில் நினைப்பு ஓடியது, அதை எழுதக் கை கூசுகிறது. ஐந்தாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளை சொன்னாள், இரண்டு முறை சொன்னாள், எனக்குக் காது கேட்காது, கேட்காததை மூன்று வருஷமாக மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மேலிடத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அதனால் என்ன ஆகிவிட்டது என்கிறாய்? என்னை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார்கள், இனி வகுப்புக்குத் திரும்பமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த வகுப்பிலும் எந்த ஆப்பும் கூடாது என்று ஒரு உத்தரவு வந்து டேப்லெட்டுகளையெல்லாம் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பக்கத்து வகுப்பின் ஏழு பிள்ளைகளும் பாதியில் நிற்கிறார்கள், அந்த டீச்சர் இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். யாருக்காக எழுதினேனோ அவளுக்கு அந்தக் காகிதத்தால் ஒன்றும் ஆகவில்லை, அதை அவளிடம் யாரும் படித்துக் காட்டவில்லை, ஃபைலில் இருக்கிறது.

போன வியாழக்கிழமை விடுப்புத் தாளில் கையெழுத்துப் போடப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். நூல்கண்டின் மாமா டி.சி. வாங்க வந்திருந்தார், அம்மாவின் அண்ணன், வேறு ஊரில் டிரைவராக இருக்கிறவர், இரண்டு பேரையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அவள் ஆபீஸ் ரூமுக்கு வெளியே பெஞ்சில் நோட்டுகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று நாலு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன், ‘நீ சொன்னே கண்ணு. ரெண்டு தடவ சொன்னே. எனக்குக் காது கேக்காது, நீ எவ்வளவு கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. தப்பு என்னுது, உன்னுது இல்ல.’ அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஏதோ சொன்னாள், உதடு அசைந்ததே தவிர எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்து எழுதச் சொன்னேன். மேலே இருந்த நோட்டின் அட்டையில் சின்னதாக எழுதிக் காட்டினாள். ‘அப்புறம் ஏன் ஸ்டார் போட்டீங்க?’ அதற்குள் மாமா வெளியே வந்துவிட்டார். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், என் எதிரில் நின்று கொஞ்ச நேரம் பேசினார். வைதாரா, விடுங்கள் என்றாரா, தெரியவில்லை. எதுவானாலும் சரி என்று தலையாட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார், பேனாவும் அவளோடு போய்விட்டது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆப்பை அனுப்பியது நான்தானே என்று நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, தலைநிமிர்ந்து அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார்த்திருந்தால் எந்த ஆப்பும் வேண்டியிருந்திருக்காது. உனக்கு இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ எனக்குப் போன் செய்தாய், உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். டேப்லெட் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அம்மா வந்த பிறகு பேசு என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வழக்கம்போல வேலை, குளிர், சமையல் என்றுதான் பேசுவாய் என்று நானாக நினைத்துக்கொண்டு இடையிடையே ‘ம்’ போட்டேன். அன்றைக்கு நீ விட்டுவிட்டுப் பேசினாய், நீளமாகப் பேசினாய், அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். நீ நிறுத்தியதும் ‘ரொம்ப சந்தோஷம்மா, அப்படியே செய்’ என்றேன். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ எனக்குப் போன் செய்யவே இல்லை, அம்மாவுக்கு மட்டும் ‘நல்லா இருக்கேன்’ என்று மெசேஜ் வருகிறது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். வியாழக்கிழமை அந்தப் பெஞ்சுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? எதற்கு நான் சந்தோஷம் என்றேன்? எதை அப்படியே செய்யச் சொன்னேன்? நான் சொன்னபடி செய்துவிட்டாயா? உன் அம்மாவிடம் கேட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் விழிக்கிறாள்.

போன் வேண்டாம், எழுது. எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுது, மறைக்காதே. என் அப்பாவுக்கும் ஐம்பதுக்கு மேல் இப்படித்தான் ஆரம்பித்தது, அதனால் நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும், தள்ளிப்போடாதே. வேளைக்குச் சாப்பிடு. கடைசியில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஆசி எழுத வந்தேன், நீ அன்றைக்குச் சொன்னது அவரைப் பற்றியதாக இருந்தால் என்ன செய்வது என்று கை நின்றுவிட்டது. அதனால் இந்த ஆசி உனக்கு மட்டும். நீ எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், தனியாகவே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா